ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து தேவி கூப்பிட்டாள். "அக்கா, ஒரு நாள் வந்துட்டுப் போங்களேன். புது சிஸ்டம் போட்டிருக்கோம். உங்களுக்குக் காட்டணும்லா."

நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் தேவி. இப்போது பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மானியப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. தலை முழுக்க நரைத்துவிட்டது, அவளுக்கே ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. போனேன்.

சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் நூற்றுக்கணக்கான புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆராய்ச்சியாளராம். சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு நடுவில் கோடாம். வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிக்கிறவர் யாரைத் துணைக்குப் பிடித்தால் நல்லது என்று அதுவே சொல்லிவிடுமாம். எங்கள் காலத்துப் பழைய கோப்புகளைக்கூட விடாமல் ஏற்றியிருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க?"

"இது என்னோட சப்பாத்துப் பெட்டி, தேவி."

அவள் முழித்தாள். அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பெட்டியின் கதை முடிந்துவிட்டது. எனக்கோ அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் முடித்த கையோடு அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். இரண்டு வருடம் வெறும் டைப்பிஸ்ட். பிறகு, இங்கே அடிப்பது வெளிநாட்டில் அப்படியே தாளில் வந்து விழுகிற டெலெக்ஸ் இயந்திரத்தைப் பழகிக்கொண்டேன். அதன் பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதம், வெளிநாட்டுக்குப் போகிற கடிதம் எல்லாம் என் கை வழியாகத்தான் போனது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்துகொண்டு, காலையில் லண்டனோடும் மதியம் ஜெர்மனியோடும் பேசுகிறவள் நான் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

என் மேலதிகாரி திரு. ஓங். துணைப் பதிவாளர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று பென்சில் எப்போதும் இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. தப்பு கண்டுபிடித்தால் காகிதத்தை மேசைமேல் வைத்து, அந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் லேசாகத் தொட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

வருகிற கடிதத்துக்கு அவர் வைத்திருந்த முறை இதுதான். முதலில் தேதி முத்திரை. அடுத்து, அந்தக் கடிதம் நம்முடைய எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று அதில் ஓர் எண் போட்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டும். அனுப்பும் பதிவேட்டை எடுத்து அந்த எண்ணைத் தேடி, எந்த விண்ணப்பத்துக்கு உரியது என்று கண்டுபிடித்து, அதன் கோப்பில் சேர்க்க வேண்டும். கோப்பு தெரியாத கடிதமென்றால், கையெழுத்துப் போட்டவரின் கடைசிப் பெயரை வைத்து அகரவரிசை இழுப்பறையில் போட வேண்டும். "பெயரைப் பார்க்காதே ஸ்டெல்லா, எண்ணைப் பார்" என்று ஆங்கிலத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

ஆனால் எனக்கு எல்லாப் பெயரும் மனப்பாடம். எந்தப் பேராசிரியர் யாருடைய கடிதத்துக்குக் காத்திருக்கிறார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்புறம் எண் எதற்கு?

இந்தக் கடிதங்களுக்கு ஏன் இத்தனை காத்திருப்பு என்று சொல்லவேண்டும். ஐரோப்பாவில் பெரிய நிதியங்கள் இருந்தன. நம் ஆட்கள் அங்கே விண்ணப்பிப்பார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கம் என்ன ஆய்வு என்பது. இரண்டாம் பக்கம் என்ன தேவை என்பது. மூன்றாம் பக்கத்தில், வெளிநாட்டில் யார் யார் உங்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று எழுதி, அவர்களுடைய சம்மதக் கடிதங்களையும் இணைக்க வேண்டும். குறைந்தது இரண்டு நாட்டிலிருந்து. எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயரே 'மூன்றாம் பக்கம்' தான். மூன்று நான்கு வருடம் கோப்புகளைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. நிதி கொடுக்கிறவர்கள் முதல் பக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் மூன்றாம் பக்கத்தைத் திருப்புகிறார்கள்.

லண்டனில் படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கவலையே கிடையாது. பழைய ஆசிரியருக்கு நாலு வரி போட்டால் இரண்டு வாரத்தில் சம்மதக் கடிதம் வந்து நிற்கும். அந்த ஆசிரியருக்கு நிதியத்துக் குழுவில் நண்பர் இருப்பார். நிதியம் வருடாவருடம் யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு சின்னப் புத்தகம் அனுப்பும். அதை உட்கார்ந்து படிப்பது எனக்குத் தொடர்கதை படிப்பதுபோல. போன வருடம் இவர் அவருக்குத் துணை, இந்த வருடம் அவர் இவருக்குத் துணை. கூட்டாளிகள் மாறி மாறி ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்து சாப்பிடுகிற மாதிரி.

அந்த ஆர்வத்தில்தான் அட்டை போட ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸுக்குக் காலில் போட வாங்கிய சப்பாத்தின் பெட்டி, அட்டைகளுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், ஊர், யாரிடம் படித்தவர், யாரோடு சேர்ந்து நிதி வாங்கியவர். திரு. ஓங் ஒரு நாள் பெட்டியைத் திறந்து நாலைந்து அட்டையைப் புரட்டினார். மறுநாள் என் மேசையில் ஒரு கட்டு புது அட்டை இருந்தது.

இப்போது டாக்டர் கமலாவிடம் வருகிறேன். விலங்கியல் துறை. தோ பாயோவில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். அவருடைய ஆய்வு கொசு. வீட்டுக்குள் தேங்குகிற சின்னச் சின்னத் தண்ணீரில் எந்தக் கொசு, எப்போது, ஏன் முட்டை போடுகிறது என்று பார்ப்பது. சிராங்கூன் ரோட்டுப் பூக்கடைகளில் போய், "அண்ணே, அந்த வாளித் தண்ணிய ஊத்திடாதீங்க, எனக்குக் கொஞ்சம் வேணும்" என்று குப்பியை நீட்டுவார். பூக்காரர்கள் மற்ற வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்களின் கல்லறைகளில் இருக்கிற பூச்சாடிகளிலிருந்து தண்ணீர் எடுக்க நான்தான் கூட்டிப்போனேன். அப்படித்தான் எங்கள் சிநேகம் வளர்ந்தது. அவரைவிட நான் ஆறு வயது சிறியவள். நான் 'டாக்டர்' என்பேன், அவர் 'நீ' என்பார்.

ஆய்வுக்கூடத்தில் வலைக்கூண்டுகளில் கொசு வளர்த்தார். அதற்குச் சாப்பாடு அவர் கைதான். முழங்கைவரை உள்ளே விட்டுக்கொண்டு, மறு கையால் என்னோடு டிபன் சாப்பிடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமட்டியது. பழகப் பழக நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு மூன்றாம் பக்கம் இல்லை. ஏனென்றால் அவர் படித்தது சென்னையில். முதல் விண்ணப்பம் ஆள் பலம் போதாது என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவை துறைத் தலைவர் சொல்லிவிட்டார், வெளி நிதி வந்தால்தான் ஒப்பந்தம் நீளும், இல்லாவிட்டால் கொசு அறை வேறு ஒருவருக்குப் போகும் என்று. ஒப்பந்தம் போனால் கூண்டைக் கழுவி வைத்துவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகவேண்டியதுதான்.

"லீலா இருக்காள்ல, அவ கொடுப்பா, இன்னொரு நாட்டு ஆளையும் அவளே பிடிச்சுத் தருவா" என்றார் கமலா. லீலாவதி. சென்னையில் ஒரே விடுதி அறையில் ஐந்து வருடம் ஒன்றாகப் படித்தவர். அப்புறம் ஜெர்மனிக்குப் போய் ஆராய்ச்சி முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்துக்குத் திரும்பி வந்திருந்தார். திரு. ஓங்குடைய முறைப்படி கடிதம் நண்பருக்கு நண்பர் போகக்கூடாது, நிறுவனத்துக்கு நிறுவனம்தான் போகவேண்டும். அதனால் பதிவாளர் பெயரில் நானே அடித்து அனுப்பினேன்.

அதன் பிறகு தினமும் பத்து மணிக்குக் கமலா என் கவுன்டரில் வந்து நிற்பார்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல டாக்டர். வந்தா நானே ஓடி வரமாட்டேனா?"

கெடு முடிந்தது. கடிதம் வரவில்லை. மூன்றாம் பக்கம் காலியாகவே விண்ணப்பம் போனது, போன வேகத்தில் திரும்பியும் வந்தது. துறைத் தலைவர் மனமிரங்கி இன்னும் ஒரு வருடம் கொடுத்தார். கமலா அழவில்லை. "ஜெர்மனி போனவளுக்கு என்னை மாதிரி ஆளெல்லாம் எதுக்கு?" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதன் பிறகு லீலா என்ற பெயரையே எடுக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள் காலை, காது வலி என்று அரசாங்க கிளினிக்குக்குப் போயிருந்தேன். எண் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாதி வெளியே வந்து, "அந்தோணிசாமி, அந்தோணிசாமி" என்று கூப்பிட்டாள். நான் பாட்டுக்கு எழுந்து நின்றேன்.

அந்தோணிசாமி என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் அடையாள அட்டையில் 'ஸ்டெல்லா, அந்தோணிசாமியின் மகள்' என்று இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து கிளினிக் வரைக்கும் கடைசியில் இருப்பதைத்தான் பெயர் என்று கூப்பிடுவார்கள். சிங்கப்பூரில் இருக்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாள்.

நின்றவள் நின்றபடியே இருந்தேன். முந்தின நாள் நிதியத்தின் புதுப் புத்தகத்தைப் பார்த்து ஓர் அட்டையில் வரி சேர்த்திருந்தேன். எல். வேலாயுதம், சென்னை. ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து மறுபடியும் நிதி வாங்கியவர். ஆண் என்றே நினைத்து 'திரு.' போட்டு வைத்திருந்தேன். அதே பெட்டியில் இன்னோர் அட்டை, கமலா சொல்லச் சொல்ல நான் எழுதியது. வி. லீலாவதி, சென்னை, ஜெர்மனியில் படித்தவர்.

வி. என்றால் என்ன? வேலாயுதத்தின் மகள் லீலாவதி. ஜெர்மனிக்காரன் என் தாதி செய்த வேலையைத்தான் செய்திருக்கிறான்.

டாக்டரைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன். காது வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய் அகரவரிசை இழுப்பறையில் வேலாயுதத்தின் எழுத்தைத் திறந்தேன். மூன்றாவது காகிதம் அதுதான். 'தாங்கள் கேட்டிருந்தபடி இணைந்து பணியாற்ற எங்கள் நிறுவனத்துக்கு முழுச் சம்மதம்.' கீழே எல். வேலாயுதம் என்று கையெழுத்து. மேலே நம் கடிதத்தின் எண் தெளிவாக இருந்தது. தேதி முத்திரை என் கை. கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் வந்த கடிதம். பெயரைப் பார்த்தேன், யாரோ வேலாயுதமாம், யாரும் காத்திருக்கவில்லை என்று எண்ணைப் பார்க்காமல் உள்ளே போட்டிருக்கிறேன். அன்றைக்கும் பத்து மணிக்கு அவர் வந்து "வந்துச்சா?" என்று கேட்டிருப்பார், நானும் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு திரு. ஓங்கிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பென்சில் வெளியே வரவில்லை. காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"டாக்டர் கமலாவிடம் சொல்லிவிட்டாயா?"

"இல்லை சார்."

"அப்படியானால் என்னிடம் ஏன் முதலில் வந்தாய்?"

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எழுந்து விலங்கியல் துறைக்கு நடந்தேன். கமலா கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார், தேதி முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"என் இழுப்பறையில. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். வேலாயுதம்னா யாரோன்னு…"

"லீலாவோட அப்பா பேரு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேக்கல டாக்டர். எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேன்."

அவர் கையை வெளியே எடுத்தார். முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக இருந்தது. சொறியக்கூட இல்லை.

"நிதி போனாப் போகட்டும் ஸ்டெல்லா. போன தைல அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை அனுப்பியிருந்தா. நான் ஒரு வாழ்த்துகூட அனுப்பல. கடுதாசி போட்டா, பிரிக்காமலே வெச்சிருக்கேன். ஒரு வருஷமா. அவ என்னைப் பத்தி என்னடி நெனச்சிருப்பா?"

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றாததுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு அவரே கேட்டார். "இந்த வருஷக் கெடு எப்ப?"

"இன்னும் பன்னெண்டு நாள்."

"டெலெக்ஸ் அடி."

பழைய கடிதம் செல்லாது, புது விண்ணப்பத்துக்குப் புது எண்ணோடு புதுச் சம்மதம் வேண்டும், அதுவும் அசல் கையெழுத்தோடு. சென்னையிலிருந்து தபால் வர அப்போது இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். திரு. ஓங் தபால் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "இந்தத் தடவை நண்பருக்கு நண்பர் போகட்டும்" என்றார். அவர் முறையை அவரே தளர்த்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கமலா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அலுவலக விஷயம் நாலு வரி. கடைசியில், 'உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது, மன்னித்துக்கொள்' என்று ஒரு வரி. மறுநாள் மதியம் இயந்திரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. 'கையெழுத்துத் தயார். பேராசிரியரிடமும் பேசிவிட்டேன், அவர் சம்மதம் ஜெர்மனியிலிருந்து நேரே வரும். இதை யாரிடம் கொடுத்தனுப்ப? லீலா.' கமலா என் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது.

அந்த ஜெர்மானியப் பேராசிரியர் யாரென்று தெரியுமா? நிதியத்தின் புத்தகத்தில் பூச்சி சம்பந்தமாக எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு மூலையில் இருக்கிற பெயர். லண்டனில் படித்த எங்கள் பேராசிரியர்களே அவரைப் பிடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். கமலாவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஓர் ஆள், ஒரே விடுதி அறையில் படுத்தவர்.

யாரிடம் கொடுத்தனுப்ப என்ற கேள்விக்கு எந்தப் பேராசிரியரிடமும் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. எங்கள் பங்கிலிருந்து ஒரு கூட்டம் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தது. அடுத்த வார வெள்ளிக்கிழமை சென்னையில் விமானம் ஏறுகிறார்கள். அதில் ரோஸ்லின் அக்கா இருந்தார், பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர். அவர்கள் தங்குகிற விடுதியின் பெயரை அவர் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி லீலாவுக்கு அடித்தேன்.

வெள்ளி மதியம் பாயா லேபார் விமான நிலையத்தில் கமலாவும் நானும் நின்றோம். கெடுவுக்கு நடுவில் சனி, ஞாயிறு மட்டும்தான். ரோஸ்லின் அக்கா கழுத்தில் ஜெபமாலையும் கையில் பெரிய துணிப் பையுமாக வந்தார்.

"ஸ்டெல்லா, ஒன்னும் கோவிச்சுக்காத. கவர் பத்திரமாத்தான் இருக்கு. மாதா கோயில் எண்ணெய் பாட்டில்தான் கொஞ்சம் கசிஞ்சிருச்சு."

உறையை அங்கேயே பிரித்தோம். காகிதத்தின் பாதி எண்ணெயில் ஊறி, கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிந்தது. ஆனால் எழுத்து கலையவில்லை. கீழே கையெழுத்து அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் மடித்து வைத்திருந்தது. கமலா அதை மட்டும் எடுத்துப் படித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை திரு. ஓங் அந்தக் காகிதத்தை முனையைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். எண்ணெய்க் கறையைச் சுற்றி நீலப் பென்சிலால் கோடு போட்டு, 'இந்நிலையிலேயே பெறப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். ஜெர்மனிக் கடிதம் அன்றைய தபாலில் வந்திருந்தது. இந்தத் தடவை எண்ணைப் பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன். விண்ணப்பத்தின் வாசகம் அன்றே டெலெக்ஸில் போனது, கெடு நாளின் தபால் முத்திரை இருந்தால் போதும் என்பதால் காகிதங்கள் அன்றே விமானத் தபாலில் பின்னால் போயின.

நாலு மாதம் கழித்து நான் சாப்பிட எழுந்த நேரத்தில் இயந்திரம் உயிர்பெற்றது. முதல் வரி நிதியத்தின் பெயர். இரண்டாம் வரியில் கமலாவின் பெயர், அதுவும் அப்பா பெயரில். மூன்றாம் வரியில் 'மகிழ்ச்சியுடன்' என்ற சொல் வந்ததும் மீதியைப் படிக்க நான் நிற்கவில்லை. தாளைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புல்தரையில் குறுக்கே ஓடினேன். தோட்டக்காரர் மலாயில் ஏதோ கத்தினார். கமலா அதைப் படித்துவிட்டு, "உக்காரு, சாப்பிடு" என்று தன் டிபனில் பாதியை எனக்கு வைத்தார். கை கூண்டுக்குள்தான் இருந்தது. கொசு அறை அவரிடமே இருந்தது, எண்பதுகள் முழுக்க. லீலா வருடம் ஒரு முறை சிங்கப்பூர் வந்து தோ பாயோ ஃபிளாட்டில் தங்குவார்.

இப்போது இருவரும் இல்லை. அதனால்தான் போன மாதம் அந்தத் திரையின் முன்னால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தேவி, கமலா டாக்டரைக் காட்டேன்" என்றேன்.

காட்டினாள். கமலாவின் புள்ளியிலிருந்து தடித்த கோடு ஒன்று எல். வேலாயுதம் என்ற புள்ளிக்குப் போனது. சந்தோஷமாக இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, "லீலாவதின்னு போட்டுப் பாரு" என்றேன். திரை நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய் நின்றது. வி. லீலாவதி, சென்னை. என் பழைய கோப்பிலிருந்து ஏற்றியதுதான். தனியாக ஒரு புள்ளி. ஒரு கோடும் இல்லை.

"இந்த ரெண்டும் ஒரே ஆளு" என்றேன்.

"அப்படியாக்கா? சரி, குறிச்சு வெச்சுக்கிறேன். ஐடில சொல்லி அடுத்த வாரம்…"

"இப்பவே சேத்துடு தேவி."

என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. தேவி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். யாரோ வந்தார்கள், ஏதோ தட்டினார்கள், நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. தேநீர் வந்தது, ஆறியும் போனது. ஓரத்தில் இருந்த புள்ளி மறைந்து, அந்தத் தடித்த கோட்டின் முனையில் லீலாவதி என்று எழுத்து வருகிறவரை நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.